யாருடைய முகம் மறைக்கப்படுகிறது?

2007 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை தன் பாதுகாப்பு விதிகளில் ஒன்றைத் திருத்தி வெளியிட்டது. சிப்பாய்கள் பொதுவெளியில் எதை எழுதினாலும், எதைப் பதிவேற்றினாலும் முதலில் மேலதிகாரியிடம் கலந்துகொள்ள வேண்டும் என்றது அந்த விதி. அடுத்த மாதமே, மே 14 அன்று, பாதுகாப்புத் துறை தன் கணினி வலைப்பின்னலில் யூடியூப், மைஸ்பேஸ் உட்பட 13 தளங்களைத் தடுத்தது. அலைவரிசை போதவில்லை, ரகசியம் கசியக்கூடும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஈராக்கில் இருந்த பன்னாட்டுப் படை அதே யூடியூபில் தனக்கென ஒரு பக்கம் தொடங்கி, துப்பாக்கிச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் பதிவேற்றிக்கொண்டிருந்தது. 2008 நவம்பரில் பாதுகாப்புத் துறை 'ட்ரூப்டியூப்' என்று சொந்தமாக ஒரு காணொளித் தளமும் திறந்தது. சிப்பாய்களும் குடும்பத்தாரும் அதில் பதிவேற்றலாம். ஆனால் அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது வெளியே தெரியும்.

இதையொட்டி நடந்த விவாதம் இரண்டு தரப்பாகப் பிரிந்து நின்றது. சிப்பாயின் பேச்சுரிமை ஒரு பக்கம், படையின் பாதுகாப்பு மறுபக்கம். படம் எடுப்பவருக்கும் படத்தைத் தடுப்பவருக்கும் இடையிலான வழக்காகவே அது நடந்து முடிந்தது. படத்துக்குள் இருந்தவர்களை யாரும் ஒரு தரப்பாகவே எண்ணவில்லை. நள்ளிரவில் கதவை உடைத்து நுழைந்தவர்கள் முன்னால், முக்காட்டைத் தேடி எடுக்கக்கூட அவகாசம் இல்லாமல், பிள்ளைகளோடு சுவரோரம் நிறுத்தப்பட்ட பெண்ணின் அனுமதியை எந்த விதியும் கேட்கவில்லை. ராணுவம் பயந்தது தன் ரகசியம் வெளியேறிவிடும் என்று. அந்தப் பெண்ணின் வீடும் முகமும் உறக்கமும் யாருடைய ரகசியப் பட்டியலிலும் இல்லை.

சிப்பாய்களின் காணொளிகளை அந்தப் பெண் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி.

யூடியூப் 2005இல் தொடங்கியபோது ஈராக் போருக்கு இரண்டு வயது. சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராக்கள் சிப்பாய்களிடம் சாதாரணமாகப் புழங்கின. முகாம்களில் இணையமும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததில் ஒரு புதுவகைப் படமே பிறந்தது. வண்டியின் முன்கண்ணாடிக்கு அப்பால் நீளும் சாலை, தூசி, திடீரென்று எழும் கரும்புகை, வசவு, சிரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டப்பட்ட ராக் அல்லது ராப் பாட்டு. மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். சுடுபவரின் தோளுக்குப் பின்னால் நாமும் நிற்கிறோம். எதைச் சுடுகிறார் என்பது பெரும்பாலும் தெரியாது. துப்பாக்கி பார்க்கும் திசையிலேயே கேமராவும் பார்க்கிறது.

திரைப்படத்தில் பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்ற கேள்வியை லாரா மல்வி 1975இல் எழுப்பினார். ஹாலிவுட் படத்தை வைத்து எழுப்பப்பட்ட கேள்வி அது. நடிகை சம்பளம் வாங்கிக்கொண்டு கேமராவின் முன் வருகிறார். சிப்பாயின் கேமரா முன்னால் நிற்பவர் வந்தவர் அல்லர், நிறுத்தப்பட்டவர். முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட அது எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஆண் பார்வையைப் பற்றி நாம் கற்ற பாடத்தோடு, அந்தப் பார்வையின் கையில் ஆயுதமும் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காணொளிகளில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. செய்தியாளர் கூட்டத்தில் தளபதிகள் சொல்லாததைச் சிப்பாய்களின் படங்கள் சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்ட படங்களில் தரமானது டெபோரா ஸ்க்ரான்டன் இயக்கி 2006இல் வந்த 'தி வார் டேப்ஸ்'. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தேசியக் காவல்படை, தன் சிப்பாய்களோடு ஈராக்குக்கு வந்து படமெடுக்க அவரை அழைத்தது. அவர் கேமராவைச் சிப்பாய்களிடமே கொடுத்துவிட்டு, இணையம் வழியே அவர்களோடு பேசிக்கொண்டு, அவர்கள் அனுப்பியதிலிருந்து படத்தை உருவாக்கினார். ஒரு பெண் இயக்குநர், போர்க்களத்தில் கால் வைக்காமல், ஆண்களின் கையில் கேமராவைக் கொடுத்து எடுத்த போர்ப்படம் என்பதாலேயே நாம் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

அதில் இரண்டு வகைப் பெண்கள் இருக்கிறார்கள். ஒருவகை, வீட்டில் இருப்பவர்கள்: மகனுக்காகக் காத்திருக்கும் தாய், கணவன் இல்லாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, திரும்பி வந்தவன் பழைய ஆளாக இல்லை என்று உணரும் காதலி. இவர்களுக்குப் பெயர் உண்டு, பேச்சு உண்டு, கோபம் உண்டு. போரின் செலவில் ஒரு பங்கைப் பெண்கள் வீட்டுக்குள் இருந்து கட்டுகிறார்கள் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன போர்ப்படங்கள் குறைவு. இன்னொருவகைப் பெண் ஒரே ஒருவர். இரவில் போகும் வாகன வரிசை, சாலையைக் கடந்த ஓர் ஈராக்கியப் பெண்ணை மோதிக் கொல்கிறது. அவர் கையில் பிஸ்கட் வைத்திருந்தார். சிப்பாய்களின் வாய்வழியாகவே அவரை நாம் அறிகிறோம். அந்தச் சாவு அவர்களை உலுக்கியிருக்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் அந்த பிஸ்கட் யாருக்காக, வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று படத்தால் சொல்ல முடியவில்லை. கேமரா வண்டியில் இருக்கிறது, வண்டி போய்விடுகிறது. இயக்குநரின் நேர்மையில் குறை காண ஒன்றுமில்லை. சிப்பாய் கையில் கேமரா இருக்கும்வரை அந்தப் பெண்ணின் வீட்டுவாசல் வரைக்கும் படம் போகாது, அவ்வளவுதான்.

வாசலைத் தாண்டி உள்ளே போன படம் பிரையன் டி பால்மாவின் 'ரிடாக்டட்'. 2007இல் வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் பெற்றது. 2006 மார்ச் 12 அன்று ஈராக்கின் மஹ்மூதியாவில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அமெரிக்கச் சிப்பாய்கள் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றார்கள். தாய், தந்தை, 6 வயதுத் தங்கை மூவரையும் கொன்றார்கள். கிளர்ச்சியாளர்களின் வேலை என்றே முதலில் அது கணக்கெழுதப்பட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு சிப்பாய் வாய் திறந்த பிறகே உண்மை வெளிவந்தது. இதைக் கதையாக்கிய டி பால்மா, படம் முழுவதையும் சிப்பாயின் காணொளி நாட்குறிப்பு, கண்காணிப்புக் கேமரா, இணையக் காணொளி என்ற வடிவத்தில் அமைத்தார். திரைப்படப் பள்ளியில் சேர ஆசைப்படும் ஒரு சிப்பாய் எல்லாவற்றையும் படம் பிடிக்கிறான். குற்றம் நடக்கும் வீட்டுக்குள்ளும் கேமராவோடு போகிறான். தடுக்காமல் படம் பிடிப்பது குற்றத்தில் பங்கெடுப்பதுதான் என்று படம் சொல்கிறது. அது சரியான கண்டனம். ஆனால் நாமும் அந்தக் கேமரா வழியாகத்தானே பார்க்கிறோம்? சிறுமியின் வாழ்க்கை அவளைக் குறிவைப்பவர்களின் கண்வழியே மட்டும் நமக்குக் கிடைக்கிறது.

படத்தின் முடிவில் நிஜப் போரில் இறந்தவர்களின், காயம்பட்டவர்களின் புகைப்படங்கள் வரிசையாக வருகின்றன. வழக்கு வரக்கூடும் என்று விநியோகத் தரப்பு அவர்களின் கண்களையும் முகங்களையும் கறுப்புப் பட்டையால் மறைத்தது. இயக்குநர் வெளிப்படையாகவே சண்டை போட்டார், தோற்றார். அந்த வரிசையின் கடைசிப் படம் மட்டும் மறைக்கப்படவில்லை. கொல்லப்பட்ட சிறுமியாக நடித்தவரை வைத்து எடுத்த, புனையப்பட்ட பிணம் அது. நிஜ முகங்கள் மறைக்கப்பட்டன. பாவனைப் பெண்ணுடல் திறந்து காட்டப்பட்டது. வன்கொடுமைக்கு ஆளாகும் பெண்ணாக நடித்ததற்காக அந்த ஈராக்கிய நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் அமெரிக்காவில் தஞ்சம் கேட்க நேர்ந்தது. குற்றத்தைக் கண்டிக்க எடுத்த படத்திலும், நடித்துக் காட்டிய பெண்ணே விலை கொடுத்தார்.

இப்படி யார் முகத்தை மறைப்பது, யாருடையதைக் காட்டுவது என்ற தேர்வை ராணுவம் எப்படிச் செய்கிறது என்பதற்கு அபு கிரைப் சிறைதான் பாடப்புத்தகம். 2004 ஏப்ரல் 28 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி அந்தப் புகைப்படங்களை வெளியிட்டது. எல்லாம் சிறைக்காவல் சிப்பாய்கள் தாங்களே எடுத்து, தங்களுக்குள் சுற்றுக்கு விட்டவை. சில நாள் கழித்து செனட் குழுவின் முன் பேசிய பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், சிப்பாய்கள் டிஜிட்டல் கேமராவோடு திரிந்து படமெடுத்து ஊடகங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அங்கலாய்த்தார். சிறையில் நடந்ததோடு, அது வெளியே தெரிந்த வழியும் அவருக்கு ஒரு தொல்லை.

உலகம் அறிந்த அபு கிரைப் படங்களில் நிர்வாணப்படுத்தப்பட்ட ஆண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அருகே சிரித்தபடி நிற்கும் பெண் சிப்பாய் லிண்டி இங்லண்ட் இருக்கிறார். போரின் அவமானத்துக்கே அவர் முகமாகிப் போனார். அந்தச் சிறையில் பெண் கைதிகளும் இருந்தார்கள். மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகுபாவின் விசாரணை அறிக்கை ஆண் கைதிகளோடு பெண் கைதிகளும் நிர்வாணமாகப் படமெடுக்கப்பட்டதையும், ஓர் ஆண் காவலர் பெண் கைதியோடு பாலுறவு கொண்டதையும் பதிவு செய்கிறது. 'பாலுறவு' என்கிறது அறிக்கை. சிறைக்காவலருக்கும் கைதிக்கும் இடையில் சம்மதம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்று அது கேட்கவில்லை. 11 சிப்பாய்களுக்குத் தண்டனை கிடைத்தது. தளபதிகளில் பதவி இறக்கப்பட்டவர் ஒரே ஒருவர், ஜானிஸ் கார்பின்ஸ்கி. அவரும் ஒரு பெண். லிண்டி இங்லண்டும் கார்பின்ஸ்கியும் குற்றமற்றவர்கள் என்று நான் வாதாடவில்லை. ஆண்களின் நிறுவனம் ஒன்று தன் குற்றத்துக்கு முகம் தேடியபோது கீழே ஒரு பெண்ணையும் மேலே ஒரு பெண்ணையும் கண்டுபிடித்தது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். மிச்சமிருந்த படங்களை வெளியிடுவதற்கு முதலில் இசைந்த ஒபாமா, 2009 மேயில் பின்வாங்கினார். படையினர் மீது வெறுப்பு கிளம்பும், அவர்களுக்கு ஆபத்து வரும் என்பது காரணம். அதே ஆண்டு அப்படங்களைப் பூட்டி வைக்கச் சட்டமும் வந்தது. படத்தில் இருப்பவர்களின் கௌரவத்தைக் காப்பதற்காகப் பூட்டியிருந்தால், அவர்களைத் தேடி ஒருவரேனும் கேட்டிருக்க வேண்டும்.

சிப்பாயின் கேமரா தன் படையையே நோக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்பதை நம் நாடு 2017இல் காட்டியது. அந்த ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ், தங்களுக்குத் தரப்படும் கருகிய ரொட்டியையும் தண்ணீராக ஓடும் பருப்பையும் கைப்பேசியில் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் எந்த ரகசியமும் இல்லை, எவர் மானமும் போகவில்லை. பருப்பு மட்டும்தான் இருந்தது. அதே மாதம் ராணுவ நாள் உரையில் அன்றைய தரைப்படைத் தளபதி விபின் ராவத், குறைகளைச் சமூக ஊடகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் தண்டிக்கப்படலாம் என்று எச்சரித்தார். ஏப்ரலில் யாதவ் வேலைநீக்கம் செய்யப்பட்டார். இடையில் கணவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டவர் அவருடைய மனைவி. படைமுகாமின் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையதாகவே இருக்கிறது. 2020 ஜூலையில் இந்திய ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொன்னது.

ஆகவே 'ராணுவம் தன் சிப்பாய்களை இன்னும் கறாராகக் கட்டுப்படுத்தட்டும்' என்று கேட்கத் தோன்றும்போது நாம் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு யாருடைய கையில் எதற்குப் பயன்படும் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. அது கருகிய ரொட்டியையும் மறைக்கும், கருகிய வீட்டையும் மறைக்கும்.

இந்த வரலாற்றில் அண்மைய பக்கம் காஸா. 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலியச் சிப்பாய்கள் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏராளமான காணொளிகளைப் போட்டார்கள். குடியிருப்புகளைத் தகர்த்துக் கைதட்டுவது, காலியான வீட்டுச் சமையலறையில் அமர்ந்து கேலி பேசுவது, பெண்களின் உள்ளாடைகளை எடுத்துக் காட்டிச் சிரிப்பது, ராணுவ உடைக்கு மேல் அதை அணிந்து நடப்பது. இந்த உள்ளாடைப் படங்களைப் பற்றி 2024 மார்ச்சில் ராய்ட்டர்ஸ் விரிவாகச் செய்தி வெளியிட்டது. பலருக்கு இவை மற்றவற்றைவிடச் சிறிய விஷயமாகத் தோன்றின. உயிர் போகும் இடத்தில் துணியைப் பற்றி என்ன பேச்சு என்றார்கள். பெண்கள் அப்படிக் கடந்துபோக மாட்டார்கள். இழுப்பறையின் அடியில், மற்ற துணிகளுக்குக் கீழே வைப்பதை வெளியே எடுத்து ஊருக்குக் காட்டுவது என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரி அங்கே இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதும் பார்ப்பவருக்குத் தெரியாது. அவள் இல்லாத இடத்தில் அவள் துணியை வைத்து அவளையே அவமதிக்கிறது அந்தக் காணொளி. இடத்தைப் பிடித்ததற்கு அடையாளமாக அந்த இடத்துப் பெண்ணைப் பிடித்ததாகக் காட்டுவது பழைய போர்களின் வழக்கம். அதை இப்போது பின்னணிப் பாட்டோடு செய்கிறார்கள்.

2024 ஜனவரி 11 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில், தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கில், சிப்பாய்கள் ஆடிப் பாடும் காணொளி சான்றாகக் காட்டப்பட்டது. அடுத்த மாதம் இஸ்ரேலியத் தலைமைத் தளபதி ஹெர்சி ஹலேவி தன் படைக்கு எழுதிய கடிதத்தில், பழிவாங்கும் காணொளிகளை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெளிநாடுகளில் விடுமுறைக்குப் போன சிப்பாய்கள் மீது அவர்களுடைய சொந்தப் பதிவுகளை வைத்தே புகார்கள் கிளம்பின. அதன் பிறகு, 2025 ஜனவரியில், கர்னல் பதவி வரை உள்ளவர்களின் முகமும் முழுப் பெயரும் ஊடகங்களில் தெரியக்கூடாது என்று அந்த ராணுவம் விதி கொண்டுவந்தது. காணொளியில் கடைசியாக ஒரு முகத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அது சிப்பாயின் முகம்.

இனி நம் சொந்த வீட்டுக்கு வருவோம். 2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த கையோடு, இலங்கைப் படையினர் தங்கள் கைப்பேசிகளில் எடுத்த காட்சிகள் மெல்ல வெளியே வரத் தொடங்கின. அவை வெற்றிச் சின்னங்களாக, தங்களுக்குள் பார்த்துக்கொள்ள எடுக்கப்பட்டவை. 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4, கைகள் கட்டப்பட்ட ஆண்கள் சுடப்படும் காட்சியை ஒளிபரப்பியது. இலங்கை அரசு அது போலி என்றது. 2010 ஜனவரியில் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், வல்லுநர்களின் ஆய்வை முன்வைத்து, அது மெய்யானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார். 2011இலும் 2013இலும் மேலும் காட்சிகள் வந்தன. புலிகளின் ஊடகப் பிரிவில் அறிவிப்பாளராக இருந்த இசைப்பிரியா சண்டையில் கொல்லப்பட்டார் என்று இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு முன்பு சொல்லியிருந்தது. 2013 நவம்பரில் வெளியான காணொளியில் அவர் உயிரோடு சிப்பாய்களின் பிடியில் இருந்தார். எடுத்தவர்கள் பெருமைக்காக எடுத்த காட்சி, அவர்களுடைய அரசு சொன்ன கதையையே உடைத்தது. ராணுவம் தன் சிப்பாய்களின் கைப்பேசிகளை அன்றே முழுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தால் இந்த உண்மை நமக்குக் கிடைத்திருக்காது. இதை ஒப்புக்கொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

அந்தப் படத்தைக் கையில் பெற்ற பிறகு நாம் என்ன செய்தோம்? இறந்த பெண்ணின் உடல் தமிழகத்தில் சுவரொட்டியானது, மேடைப் பின்னணியானது, கைப்பேசி விட்டுக் கைப்பேசி போனது. பகிர்ந்தவர்களின் துக்கத்தையும் கோபத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எடுத்தவனின் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றினோம். அவன் வெற்றி என்று காட்டிய அதே உடலை, அதே கோணத்தில், நாம் அநீதி என்று காட்டினோம். எங்கள் தங்கை, எங்கள் இனத்தின் மானம் என்றெல்லாம் எழுதினோம். பெண்ணுடலை இனத்தின் மானமாகப் பார்த்த காரணத்தால்தான் எதிரி அவ்வுடலைக் குறிவைத்தான் என்பதை மறந்துபோனோம். வாழ்ந்தபோது அவர் செய்தி வாசித்தவர், நடித்தவர், ஒரு குழந்தையைப் பெற்று இழந்தவர். அவருடைய முகம் சுயமாகப் பேசிய படங்கள் எத்தனையோ இருக்க, கடைசிப் படத்தையே நாம் அவருடைய அடையாளமாக்கினோம்.

அவர் வாழ்க்கையை வைத்துத் தமிழகத்தில் எடுக்கப்பட்ட 'போர்க்களத்தில் ஒரு பூ' படத்துக்குத் தணிக்கைச் சான்று மறுக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே அவருடைய தாயும் சகோதரியும் படத்தை எதிர்த்து நின்றார்கள், தங்கள் அந்தரங்கம் என்ற கேள்வியை எழுப்பினார்கள். காலம் மெக்ரே இயக்கிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கும் 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்று மறுத்தது. நட்பு நாட்டுடனான உறவு கெடும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த இரண்டு எதிர்ப்புகளையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஓர் அரசு இன்னோர் அரசின் முகத்தைக் காப்பாற்றுவது வேறு. பெற்றவள் தன் மகளைப் பற்றி 'என்னைக் கேட்டீர்களா?' என்று கேட்பது வேறு. முதலாவது தணிக்கை. இரண்டாவது, இந்த வரலாறு முழுவதிலும் யாரும் கேட்காத அந்தக் கேள்வி. அதைக் கேட்டவர்களுக்கு அரசியல் புரியவில்லை என்று பேசியவர்களுக்குத்தான் பெண்ணிய அரசியல் புரியவில்லை.

ராணுவத்தின் கையிலும் கொடுக்கக்கூடாது, சுற்றுக்கும் விடக்கூடாது என்றால் வேறு வழி உண்டா? உண்டு. 2017 ஆகஸ்டில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது பிடியாணை பிறப்பித்தது. சமூக ஊடகங்களில் வந்த கொலைக் காணொளிகளே அதற்கு முக்கிய ஆதாரம். அதே காலத்தில் யூடியூபின் தானியங்கி வடிகட்டி, சிரியாவின் போர்க்குற்றங்களைப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான காணொளிகளை வன்முறை என்று நீக்கியது. அழிக்கும் பொத்தான் ராணுவத்திடம் மட்டுமில்லை, நிறுவனங்களிடமும் இருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. இந்த அனுபவங்களிலிருந்து 2020இல் ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து, இணையத்தில் கிடைக்கும் சான்றுகளை எப்படிச் சேகரித்துக் காப்பது என்று நெறிமுறை வகுத்தன. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களிடம் தகவல் திரட்டும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றை, யஸீதிப் பெண் நாதியா முராதின் பெயரில் 2022இல் வந்த முராத் நெறித்தொகுப்பு சொல்கிறது. தகவல் யாருடையதோ அவருடைய விருப்பமே முதலில் என்பது அதன் அடிப்படை.

இவற்றை நம் அன்றாடத்துக்குக் கொண்டுவந்தால் கடினமாக எதுவும் இல்லை. மூலக்காட்சி அழியாமல், வெட்டப்படாமல், விசாரிக்கக் கூடியவர்களிடமும் குடும்பத்தாரிடமும் போய்ச் சேர வேண்டும். பொதுவில் காட்டும் பிரதியில் பெண்ணின் முகமும் உடலும் மறைக்கப்பட வேண்டும்; சீருடையும், சீருடை அணிந்தவனின் முகமும், அவன் சிரிப்பும், பேச்சும் தெளிவாகத் தெரிய வேண்டும். குற்றம் அங்கேதான் இருக்கிறது. கறுப்புப் பட்டையை இடம் மாற்றி ஒட்டச் சொல்கிறேன். எழுதும்போது, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை வர்ணிக்கும் ஆர்வத்தைக் குறைத்துக்கொண்டு, யார் செய்தார், எந்தப் படைப்பிரிவு, யார் உத்தரவு, ஏன் விசாரணை இல்லை என்று எழுத வேண்டும். குடும்பம் பேச விரும்பினால் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்; பேச விரும்பாவிட்டால் அந்த மௌனத்தை நம் முழக்கத்தால் நிரப்பக்கூடாது.

2004 ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாசலில், அசாம் ரைஃபிள்ஸ் படைமுகாமின் முன்னால், மணிப்பூரின் தாய்மார்கள் ஆடையில்லாமல் நின்றார்கள். தங்ஜம் மனோரமா கொல்லப்பட்டதற்கு எதிராக அவர்கள் தேர்ந்துகொண்ட வழி அது. அந்தப் படமும் உலகம் சுற்றியது, இன்றும் சுற்றுகிறது. ஆனால் அங்கே கேமராவின் முன் யார் வருவது, எப்படி வருவது, யாரைப் பார்த்துப் பேசுவது என்பதையெல்லாம் அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் கோட்டைக்குள்ளே இருந்தார்கள். சிப்பாயின் கைப்பேசியிலிருந்து வரும் அடுத்த காணொளி நம்மிடம் வரும்போது, அனுப்புவதற்கு முன், அதற்குள் இருக்கும் பெண் இப்படி எதையாவது தேர்ந்துகொண்டாளா என்று பார்ப்போம். தேர்ந்துகொள்ளவில்லை என்றால் அவளைக் காட்டும் உரிமை எடுத்தவனுக்கும் இல்லை, அவனுடைய ராணுவத்துக்கும் இல்லை, நமக்கும் இல்லை. எடுத்தவனைக் காட்டும் கடமை மட்டும் நமக்கு உண்டு.